பேச்சு ஆவணமாகும்போது: கூட்டங்களில் செயற்கை நுண்ணறிவுக் குறிப்பெடுப்பும் நம் பொறுப்புகளும்

அலுவலகக் கூட்டங்களில் ஒருவர் குறிப்பேடும் பேனாவுமாக ஓரத்தில் அமர்ந்திருப்பது நெடுங்கால வழக்கம். இன்று பல கூட்டங்களில் அவ்விடத்தை ஒரு மென்பொருள் எடுத்துக்கொண்டுள்ளது. காணொலிக் கூட்டத்தில் பங்கேற்போர் பட்டியலைப் பார்த்தால், மனிதப் பெயர்களுக்கு நடுவே குறிப்பெடுக்கும் கருவியொன்றின் பெயரும் தென்படுகிறது. கூட்டம் முடிந்த சில நிமிடங்களில் யார் என்ன பேசினார், என்ன முடிவாயிற்று, இனி எவர் எதைச் செய்ய வேண்டும் என்பன எல்லாம் எழுத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. அரை நாள் வேலை மிச்சமாகிறது.

நம் வாடிக்கையாளர்களுள் பலர் தொழில் நடத்துவோர். பலர் அலுவலகங்களில் பணிபுரிவோர். சிலர் குடியிருப்போர் சங்கம், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றின் பொறுப்பாளர்கள். மூவகையினரும் இக்கருவியை இப்போதே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அல்லது வேறொருவர் பயன்படுத்தும் கூட்டத்தில் அமர்ந்திருக்கலாம். ஆகவே இதன் சட்டப் பக்கத்தையும் தனியுரிமைப் பக்கத்தையும் ஒருமுறை நிதானமாகப் படித்துக்கொள்வது நன்று.

இங்கு நாம் கற்கவிருப்பதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம். வாய்ச்சொல் பேசியவுடன் மறைந்துவிடும். பதிந்த சொல் ஆவணமாக நிற்கும். ஆவணமான மாத்திரத்தில் அதற்கு உடைமையாளர், இருப்பிடம், ஆயுள், சட்டப் பொறுப்பு ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. இந்நான்கையும் தீர்மானிக்காமல் கருவியை இயக்குவதே இடர்களுக்கெல்லாம் வேர்.

கருவி இயங்கும் முறை

இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் நான்கு கட்டங்களில் இயங்குகின்றன. முதற்கட்டம் நுழைவு. நம் மின்னணு நாட்காட்டியோடு கருவியை இணைத்துவிட்டால், அதில் குறித்துள்ள கூட்டங்களில் அது தானே சேர்ந்துகொள்ளும். நாம் செல்லாத கூட்டத்திலும் அது போய் அமர்வதுண்டு. சில கருவிகள் பங்கேற்போர் பட்டியலில் தோன்றுவதே இல்லை. நம் கணினியில் கேட்கும் ஒலியை அங்கிருந்தே பதிந்துகொள்கின்றன. அப்போது எதிரில் இருப்பவருக்குப் பதிவு நடப்பதே தெரியாது.

இரண்டாம் கட்டம் ஒலிப்பதிவு. மூன்றாவது எழுத்துப்படி, இதில் குரல்களை வேறுபடுத்தி, எவர் எதைச் சொன்னார் என்று கருவி பிரித்து எழுதுகிறது. நான்காவது சுருக்கம், இது பல வேளைகளில் அழைப்புப் பெற்ற அனைவருக்கும் மின்னஞ்சலாகத் தானாகவே சென்றுவிடுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் நம் பேச்சின் நகலொன்று பிறக்கிறது. அந்நகல்கள் கருவியை விற்கும் நிறுவனத்தின் சர்வரிலும், அந்நிறுவனம் பணியமர்த்திய பிற நிறுவனங்களின் சர்வர்களிலும் தங்கக்கூடும்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து வந்த செய்தி இதற்குச் சான்று. முதலீட்டு நிறுவனமொன்றோடு ஜூம் வழியாகப் பேசி முடித்த ஒருவருக்கு ஓட்டர் என்னும் செயலியிலிருந்து எழுத்துப்படி வந்தது. அவர் கூட்டத்தை விட்டு வெளியேறிய பின்னர் முதலீட்டாளர்கள் தமக்குள் பேசிக்கொண்ட தொழில் இரகசியங்களும் அதில் அடங்கியிருந்தன. அவர்கள் வருத்தம் தெரிவித்தும், அவர் அந்த உடன்படிக்கையைக் கைவிட்டார். இங்கே எவரும் திருடவில்லை. எவரும் ஊடுருவவும் இல்லை. கருவி தன் வேலையைச் செய்தது; அதை நிறுத்த வேண்டிய மனிதர் நிறுத்தவில்லை.

நடவடிக்கைக் குறிப்பு வேறு, பதிவு வேறு

கம்பெனிகள் சட்டம், 2013-இன் 118-ஆம் பிரிவு கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பற்றிப் பேசுகிறது. கூட்டம் முடிந்த 30 நாள்களுக்குள் குறிப்புகள் தயாராகிக் குறிப்பேட்டில் சேர வேண்டும் என்பதைப் பலர் அறிவர். அதே பிரிவில் பலர் கவனியாத வேறொரு விதியும் உண்டு. ஒருவர் மீது அவதூறாகக் கருதத்தக்கது, கூட்டப் பொருளுக்குத் தொடர்பற்றது, நிறுவனத்தின் நலனுக்குக் கேடானது என்று கூட்டத்தின் தலைவர் கருதும் எதையும் குறிப்பில் சேர்த்தலாகாது. எதை விடுவது என்பதில் தலைவருக்கு முழு விருப்புரிமை உண்டு.

இவ்விதியின் உட்பொருள் ஆழமானது. குறிப்பெழுதுவது என்பது எதை எழுதாமல் விடுவது என்பதையும் தீர்மானிக்கும் பொறுப்பு என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது. இயந்திரத்துக்கு அந்தப் பொறுப்பு இல்லை. அது கேலியையும் பதியும். கோபத்தில் வந்த சொல்லையும் பதியும். உடல்நலம் பற்றிய விசாரிப்பையும் பதியும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாகக் கொள்வோம். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகம் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று வாரந்தோறும் திங்களன்று கூட்டம் நடத்துகிறது. ஒரு திங்களன்று மூன்று பேச்சுகள் நிகழ்கின்றன. கணக்காளர் அறுவை சிகிச்சைக்காக விடுப்புக் கேட்கிறார். விற்பனை மேலாளர், பணம் தராமல் இழுத்தடிக்கும் ஒரு கொள்முதலாளரைச் சினத்துடன் ‘மோசடிக்காரர்’ என்கிறார். உரிமையாளர், அடுத்த மாதத் தவணையைச் சற்றுத் தள்ளிக் கேட்கலாமா என்று வாய்விட்டு யோசிக்கிறார். கையால் எழுதுபவர் இம்மூன்றையும் எழுதமாட்டார். ‘நிலுவை வசூல் பற்றி விவாதிக்கப்பட்டது’ என்ற ஒரு வரியோடு முடித்திருப்பார். கருவி மூன்றையும் எழுதி, அன்று வராத பகுதிநேர ஆலோசகர் உட்பட அழைப்புப் பெற்ற ஒன்பது பேருக்கும் அனுப்பிவிடுகிறது. மருத்துவச் செய்தி ஒன்று, அவதூறு ஒன்று, நிதி இரகசியம் ஒன்று என மூன்று பொறுப்புகள் ஒரே காலையில் உருவாகிவிட்டன.

இயக்குநர் குழுக் கூட்டத்திற்கு இன்னும் கடுமையான நெறி உண்டு. காணொலி வழியே நடக்கும் குழுக் கூட்டத்தில், உரிய இயக்குநரைத் தவிர வேறெவரும் கூட்ட நடவடிக்கைகளை அணுக இயலாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என 2014-ஆம் ஆண்டின் கம்பெனி விதிகள் கூறுகின்றன. அதே விதிகள் காணொலிக் கூட்டத்தின் நடவடிக்கைகளைப் பதிந்து பாதுகாப்பாக வைக்கவும் பணிக்கின்றன. எனவே பதிவு என்பதே தவறென்று சொல்வதற்கில்லை. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில், நிறுவனத்தின் ஆவணமாக இருக்கும் பதிவைத்தான் சட்டம் கேட்கிறது. ஓர் இயக்குநர் தம் சொந்தக் கணக்கில் கொண்டுவரும் கருவி இந்நெறிக்குப் பொருந்துமா என்பதை நிறுவனச் செயலரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இசைவு: சட்டம் கேட்பது என்ன?

2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனியுரிமை அரசியலமைப்பு அளிக்கும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அறிவிப்பின்படி இச்சட்டத்தின் முதன்மைக் கடமைகள் 18 மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. இடைப்பட்ட காலம் நாம் ஆயத்தம் செய்துகொள்வதற்காகத் தரப்பட்டது.

வீட்டுப் பயன்பாட்டிற்கோ ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ செய்யும் பதிவுக்கு இச்சட்டம் பொருந்தாது. தொழில் நிமித்தமான கூட்டம் அவ்வகையைச் சேராது. இச்சட்டத்தின்படி இசைவு என்பது கட்டாயமின்றி, குறிப்பிட்ட நோக்கத்திற்காக, விவரம் தெரிவிக்கப்பட்ட பின், நிபந்தனையின்றி, ஐயத்திற்கிடமின்றித் தெளிவான செயலால் தரப்படுவது. இசைவு கேட்கும்போது எந்தத் தரவு, எந்த நோக்கம் என்பதையும், இசைவை எவ்வாறு திரும்பப் பெறலாம், எங்கே முறையிடலாம் என்பதையும் அறிவிப்பில் சொல்ல வேண்டும். அவ்வறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்க வேண்டும். தமிழும் அவற்றுள் ஒன்று. இசைவு தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும்.

‘கூட்டத்தில் தொடர்ந்து இருந்தால் இசைந்ததாகக் கருதுவோம்’ என்று திரையில் ஒரு வரி தோன்றுவது இவ்வளவையும் நிறைவு செய்யுமா என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

பணியாளர்களின் நிலை சற்று வேறு. பணி தொடர்பான சில நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்தும் இரகசியக் கசிவிலிருந்தும் காப்பதற்கும் இசைவின்றியே தரவைக் கையாளச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் அந்த இடம் பணியாளரைப் பற்றியது. கூட்டத்தில் அமர்ந்திருக்கும் வாடிக்கையாளர், பொருள் வழங்குநர், தணிக்கையாளர், நேர்காணலுக்கு வந்தவர் ஆகியோர் நம் பணியாளர் அல்லர். அவர்களைப் பொறுத்தவரை இசைவு கேட்பதே பாதுகாப்பான வழி.

குரலைப் பற்றியும் ஒரு சொல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த விதிகள், ஒருவரை அடையாளம் காணப் பயன்படும் உடற்கூறுத் தகவல்களுள் குரல் அமைப்பையும் சேர்த்துள்ளன. உடல்நலம், நிதி விவரம், கடவுச்சொல் ஆகியனவும் அவ்விதிகளில் கூர்நுண் தகவல்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு மணி நேரக் கூட்டப் பதிவில் இவையனைத்தும் இடம்பெற்றுவிடக்கூடும்.

வெளிநாட்டாரோடு தொழில் செய்வோர் மேலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில், உரையாடலில் பங்கேற்கும் ஒருவரே அதைப் பதிவதை ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் தனிச்சட்டம் இல்லை. ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டம், இரகசியமான உரையாடலைப் பதிவதற்குப் பங்கேற்கும் அனைவரின் இசைவையும் கேட்கிறது. கலிபோர்னியாவில் உள்ள வாடிக்கையாளரோடு பெங்களூருவிலிருந்து பேசுபவர், நம் ஊர் வழக்கத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது.

பேச்சு சென்று தங்கும் இடம்

கருவியை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பெறும்போது நாம் காணத் தவறுவது ஒப்பந்தத்தின் நடுப்பக்கங்கள். நம் கூட்டப் பேச்சைத் தம் செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை அங்கே எழுதப்பட்டிருக்கலாம். 2023 ஆகஸ்டில் ஜூம் நிறுவனத்தின் சேவை நிபந்தனைகள் அவ்வாறு பொருள்படுவதாகப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் நிபந்தனைகளைத் திருத்தியது. 2025 ஆகஸ்டில் ஓட்டர் நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. அச்செயலியில் கணக்கே இல்லாதவர்களின் பேச்சையும் உரிய இசைவின்றிப் பதிந்து, பயிற்றுவிக்கப் பயன்படுத்துகிறது என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது. எனினும் அது எழுப்பும் வினா நமக்கும் உரியது: கருவியை விற்பவர் நம் எழுத்தரா, நம் பேச்சைக் கேட்கும் மூன்றாம் மனிதரா?

பணியாளர்கள் தாமே எடுக்கும் முடிவும் இடர் தரும். 2023-இல் சாம்சங் நிறுவனத்தின் பணியாளர்கள் அலுவலகத் தகவல்களைச் சாட்ஜிபிடியில் உள்ளிட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று, கூட்டப் பதிவைக் குறிப்பாக மாற்றித் தரும்படி கேட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் இத்தகைய கருவிகளின் பயன்பாட்டைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 2025 சனவரியில் மத்திய நிதி அமைச்சகம், அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளைத் தவிர்க்குமாறு தன் அலுவலர்களுக்கு அறிவுறுத்தியது. அரசின் ஆவணங்கள், தரவுகள் ஆகியவற்றின் இரகசியத்தைக் காப்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

வங்கித் துறையில் இந்தப் பாடம் பழையது. தேசியமயமாக்கப்பட்ட வங்கிகள் தம் வாடிக்கையாளரின் விவகாரங்களை, சட்டமோ வங்கி மரபோ தேவைப்படுத்தும் சூழலில் அன்றி, வெளிப்படுத்தலாகாது என்று 1970-ஆம் ஆண்டின் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. தகவல் தொழில்நுட்பப் பணிகளை வெளியாரிடம் ஒப்படைப்பது பற்றி ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறையும், பணியை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு வங்கியை விட்டு நீங்காது என்கிறது. புதிய தரவுச் சட்டம் இதே கோட்பாட்டை எல்லாத் தொழில்களுக்கும் விரிக்கிறது. தரவைக் கையாள வேறொரு நிறுவனத்தை அமர்த்தினால் முறையான ஒப்பந்தம் வேண்டும். அந்நிறுவனம் தவறினாலும் சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியவர் நாமே. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் ரூ. 250 கோடி வரையிலும், கசிவு நேர்ந்ததை உரியவர்க்குத் தெரிவிக்கத் தவறினால் ரூ. 200 கோடி வரையிலும் தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இவை உச்ச வரம்புகள். சிறு நிறுவனத்திற்கு இத்தொகையே விதிக்கப்படும் என்று பொருளில்லை. ஆயினும் சட்டம் இதை எவ்வளவு கனமாகக் கருதுகிறது என்பது புலனாகிறது.

கருவி தவறாகக் கேட்டால்

எழுத்துப்படி அச்சில் அழகாக இருப்பதால் சரியாகவும் இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் விஸ்பர் என்னும் பேச்சறி மென்பொருளை ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ 1 விழுக்காடு ஒலித்துண்டுகளில் எவருமே சொல்லாத முழுச் சொற்றொடர்கள் எழுதப்பட்டிருந்ததைக் கண்டது. அவ்வாறு புனையப்பட்டவற்றுள் 38 விழுக்காடு தீங்கு விளைக்கத்தக்கவை. பேச்சுக்கிடையே நீண்ட அமைதி இருக்கும் இடங்களில் இப்பிழை மிகுதி. நூற்றில் ஒன்று சிறிதாகத் தோன்றலாம். வங்கிக் கணக்கில் நூற்றில் ஒரு பதிவு கற்பனையாக இருந்தால் நாம் ஏற்போமா?

நம் மொழியில் இன்னோர் இடர் உண்டு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. மறுப்பும் ஐயமும் அவ்வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ‘தரலாம்’ என்பது முடிவு. ‘தரலாமா’ என்பது கேள்வி. இரண்டுக்கும் வேறுபாடு கடைசி ஒலி மட்டுமே. ‘அனுப்ப வேண்டும்’ என்பதற்கும் ‘அனுப்ப வேண்டாம்’ என்பதற்கும் இடையில் நிற்பதும் ஓர் உயிரொலிதான். பேசுபவர் குரலைத் தாழ்த்தி வாக்கியத்தை முடிக்கும்போது அந்த ஒலி தேய்ந்தால், முடிவே தலைகீழாகிறது. தமிழ், கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகியவை கலந்து புழங்கும் பீன்யா நிறுவனத்தின் கூட்டத்தில், தவணையைத் ‘தள்ளிக் கேட்கலாமா’ என்ற உரிமையாளரின் யோசனை ‘தவணையைத் தள்ளிக் கேட்க முடிவாயிற்று’ என்று சுருக்கத்தில் ஏறிவிட்டதாக எண்ணிப் பாருங்கள். அதைப் படிக்கும் ஆலோசகர் நிறுவனத்தின் நிதிநிலை குறித்து என்ன முடிவுக்கு வருவார்?

ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டமாயின் விளைவு இன்னும் கடுமை. ‘என் தவறா?’ என்று ஒருவர் கேட்டது ‘என் தவறு’ என்று பதிவானால், அவருடைய வேலையே அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

பதிவு சான்றாகும்

1972-இல் மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒலிநாடாப் பதிவைச் சான்றாக ஏற்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுகள் உரிய சான்றிதழோடு நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கவை. ஆகவே நாம் வசதிக்காகச் சேர்த்துவைத்த பதிவு, ஒருநாள் எதிர்த்தரப்பு கேட்டு வாங்கும் சான்றாகலாம். கையெழுத்திட்ட நடவடிக்கைக் குறிப்பு ஒன்றைச் சொல்ல, எழுத்துப்படி வேறொன்றைச் சொல்லுமானால், நம் ஆவணமே நமக்கு எதிர்ச்சாட்சியாகும்.

அதற்காக வழக்கு வந்தபின் பதிவை அழிப்பது பெருந்தவறு. சான்றாக முன்வைக்கப்படாமல் தடுக்கும் நோக்கில் மின்னணுப் பதிவை அழிப்பது குற்றம். வழக்கு வருவதற்கு முன்பே, எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே விதமாக, எழுத்தில் வகுத்த காலக்கெடுவின்படி அழிப்பதே முறை. வழக்கறிஞரின் அறிவிப்பு வந்த நொடியில், தொடர்புடைய பதிவுகளுக்கு அந்த அழிப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

கருவியை விலக்க வேண்டிய கூட்டங்கள்

கீழ்க்காணும் ஐந்து வகைக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் கருவியை அனுமதிக்காதிருப்பது நலம்.

1. வழக்கறிஞருடன் நடக்கும் ஆலோசனை. கட்சிக்காரருக்கும் வழக்கறிஞருக்கும் இடையிலான பேச்சுக்குச் சட்டம் தரும் காப்பு, அதன் இரகசியத்தில் ஊன்றியது. பேச்சை வெளி நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பினால், இரகசியம் கைவிடப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டாகும்.

2. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்குழு விசாரணை. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, முறையிட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. தானாகச் செல்லும் ஒரு மின்னஞ்சல் இத்தடையை மீறிவிடும்.

3. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், இன்னும் வெளியாகாத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் பேசப்படும் கூட்டம். உட்தகவல் வணிகத்தைத் தடுக்கும் செபியின் 2015-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், அத்தகவல் எவரெவருக்குப் பகிரப்பட்டது என்பதைப் பதிந்துவைக்கக் கேட்கின்றன.

4. உடல்நலம், குடும்பம், ஒழுங்கு நடவடிக்கை பற்றித் தனி மனிதரோடு நடக்கும் பேச்சு.

5. கணக்கு எண், கடவுச்சொல், வாடிக்கையாளர் அடையாள ஆவணம் ஆகியவை வாய்விட்டுப் படிக்கப்படும் எந்தக் கூட்டமும். ஒருமுறைக் கடவுச்சொல்லை எந்த வங்கியும் எவரிடமும் கேட்பதில்லை என்பதையும் இங்கு மீண்டும் நினைவூட்டுகிறோம்.

நிறுவனத்தார் செய்ய வேண்டுவன

முதலில், எந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்பதை நிறுவனமே தெரிவு செய்து எழுத்தில் அறிவிக்கட்டும். பணியாளர் தம் சொந்தக் கணக்கில் கொண்டுவருவதை நிறுத்தட்டும். இரண்டாவதாக, தானாக நுழைவதையும் தானாக அனுப்புவதையும் அமைப்புகளில் நீக்கிவிடுங்கள். மூன்றாவதாக, ஒப்பந்தத்தில் நான்கு வினாக்களுக்கு விடை தேடுங்கள்: நம் பேச்சைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவரா? எந்த நாட்டில் சேமிப்பர்? எத்தனை நாள் வைப்பர்? அழிக்கச் சொன்னால் நகல்களும் அழியுமா? நான்காவதாக, சுருக்கத்தை ஒரு மனிதர் படித்துத் திருத்தி ஒப்பிய பின்னரே அனுப்பட்டும். ஒப்பப்பட்ட குறிப்பே நிறுவனத்தின் ஆவணம்; மற்றவை வரைவு என்பதை எழுத்தில் வகுத்துவிடுங்கள்.

கூட்டத்தின் தொடக்கத்தில் தலைவர் படிக்கத்தக்க மாதிரி அறிவிப்பு ஒன்றை இங்குத் தருகிறோம். நாள் கணக்கை அவரவர் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

‘இக்கூட்டத்தில் குறிப்பெடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்த எண்ணியுள்ளோம். அது நம் பேச்சைப் பதிந்து எழுத்துப்படியும் சுருக்கமும் தரும். திருத்திய சுருக்கம் இங்குள்ளோருக்கு மட்டும் அனுப்பப்படும். ஒலிப்பதிவு முப்பது நாள்களில் அழிக்கப்படும். எவருக்கேனும் மறுப்பு இருப்பின் இப்போதோ இடையிலோ தெரிவிக்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. மறுப்பு வந்தால் கருவியை நிறுத்திவிட்டுக் கையால் குறிப்பெடுப்போம்.’

பணியாளராகவோ விருந்தினராகவோ அமர்ந்திருப்போர், பங்கேற்போர் பட்டியலை முதலில் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். அறியாத பெயர் இருந்தால், ‘இது எவருடைய கருவி? பதிவு யாரிடம் இருக்கும்?’ என்று பணிவாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. சுருக்கம் வந்தவுடன் தம் பெயரில் உள்ள வரிகளைப் படித்து, பிழையிருந்தால் அன்றே மின்னஞ்சலில் திருத்தம் கோர வேண்டும். ஆறு மாதம் கழித்துச் சொல்லும் மறுப்பைவிட அன்றே எழுதிய இரண்டு வரிக்கு வலிமை அதிகம்.

பயிற்சி வினாக்கள்

படித்ததைச் சரிபார்த்துக்கொள்ள நான்கு சூழல்களைத் தருகிறோம். விடையைப் படிக்குமுன் சற்று எண்ணிப் பாருங்கள்.

வினா 1: கடன் குறித்து வங்கி அலுவலரோடு காணொலியில் பேசுகிறீர்கள். உங்கள் ஆலோசகரின் கருவியும் கூட்டத்தில் நுழைகிறது. என்ன செய்வீர்கள்?
விடை: பேச்சைத் தொடங்குமுன் அதை வெளியேற்றச் சொல்லுங்கள். உங்கள் வருவாய், பிணையம், நிலுவை ஆகியவற்றை வங்கி இரகசியமாகக் காக்கக் கடமைப்பட்டுள்ளது. ஆலோசகரின் கருவியை விற்ற நிறுவனத்தை அந்தக் கடமை கட்டுப்படுத்தாது.

வினா 2: பணியாளர் ஒருவர் கூட்டத்திற்கு வராமல், தமக்குப் பதிலாகக் கருவியை மட்டும் அனுப்பியுள்ளார். அனுமதிக்கலாமா?
விடை: வேண்டாம். கருவிக்குப் பொறுப்பேற்று, வேண்டியபோது நிறுத்தக்கூடிய மனிதர் கூட்டத்தில் இருக்க வேண்டும். வராதவருக்கு ஒப்பப்பட்ட குறிப்பை அனுப்பினால் போதும்.

வினா 3: தாம் தவறை ஒப்புக்கொண்டதாகச் சுருக்கம் கூறுவதை ஒரு பணியாளர் மறுக்கிறார். எதை நம்புவது?
விடை: சுருக்கத்தை மட்டும் கொண்டு எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். ஒலிப்பதிவு இருப்பின் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும். இல்லையெனில் அந்த வரியைச் சான்றாகக் கொள்ளாமல், அவரிடம் எழுத்தில் விளக்கம் பெற வேண்டும்.

வினா 4: முப்பதாம் நாள் பதிவு தானாக அழியவுள்ளது. இருபத்தெட்டாம் நாள், அதே பேச்சு தொடர்பாக ஒரு கொள்முதலாளரிடமிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வருகிறது. இனி?
விடை: அழிப்பை உடனே நிறுத்துங்கள், எவரும் அப்பதிவைத் திருத்தவோ பகிரவோ கூடாதென எழுத்தில் ஆணையிடுங்கள், பின்னர் உங்கள் வழக்கறிஞரை அணுகுங்கள். அந்தச் சந்திப்பில் குறிப்பெடுக்கும் கருவி அணைந்திருக்கட்டும்.